சின்ன நெட்வேர்க் பிளேயரை டிவியில் பூட்டிப் பாவிப்பது: மட்டக்களப்பு, அம்பாறை வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நெட்வேர்க் பிளேயர் என்பது டிவியில் செருகினால் வைஃபை வழியாக வரும் வீடியோவைத் திரையில் காட்டும் சின்னச் சாமான். நமது பக்கத்து வீடுகளுக்கு அது வந்து சேரும் வழிகள் இரண்டு. கட்டாரிலோ கனடாவிலோ இருக்கும் சொந்தக்காரர் லீவில் வரும்போது கொண்டுவந்து தருவார், இல்லாவிட்டால் டவுனில் வாங்குவோம். எப்படி வந்தாலும் பிறகு நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். டிவியின் பின்னால் செருகி யூடியூப் போடுவார்கள். மாதம் முழுக்க வரவேண்டிய டேட்டா ஒரு வாரத்தில் முடியும். அத்தோடு பிளேயர் ஷோகேசுக்குள் போய்விடும்.

அப்படி ஒதுக்கிவைக்க வேண்டிய சாமான் அல்ல இது. உங்கள் லப்டொப்பிலும் போனிலும் ஹார்ட் டிஸ்கிலும் கிடக்கும் வீடியோக்களை, ஒரு எம்பி டேட்டாவும் செலவழிக்காமல் பெரிய திரையில் காட்ட இதனால் முடியும். லப்டொப்பிலிருந்து ரவுட்டர் வழியாக டிவிக்குப் போகும் வீடியோ வீட்டுக்குள்ளேயே ஓடி முடிகிறது. அது வெளியே போகாததால் உங்கள் பக்கேஜில் கழியவும் மாட்டாது. வைஃபை என்றாலே டேட்டா போகும் என்று நினைப்பவர்களுக்காகத்தான் இதை முதலிலேயே சொல்கிறேன். இந்த வழிகாட்டியில் அதிக இடமும் அதற்குத்தான்.

கையில் இருப்பது எந்த வகை?

கூகுள் டிவி அல்லது அண்ட்ரொயிட் டிவி ஓடும் ஸ்டிக்குகளும் சின்னப் பெட்டிகளும் நமக்கு மிக வசதியானவை. வேண்டிய செயலிகளை பிளே ஸ்டோரிலிருந்தே போடலாம், சொந்த வீடியோக்களைப் பார்க்கவும் தடை இல்லை. அமேசன் ஃபயர் டிவி ஸ்டிக்குகள் பலவற்றிலும் விஎல்சி என்ற வீடியோ ஓட்டும் செயலியைப் போடலாம், அதனால் அதுவும் பரவாயில்லை. கனடாவிலிருந்து ரோக்கு வந்திருந்தால் அதில் செயலிகளின் தெரிவு குறைவு. ஆனாலும் ரோக்கு மீடியா பிளேயர் என்ற செயலி வீட்டு நெட்வேர்க்கில் உள்ள வீடியோக்களைக் காட்டும். குரோம்காஸ்ட்டை கூகுள் 2013 இல் அறிமுகப்படுத்தி 2024 இல் தயாரிப்பை நிறுத்தியது. வீட்டில் இருக்கும் பழையது வேலை செய்கிறதென்றால் தாராளமாகப் பாவியுங்கள்.

பெயர் தெரியாத மலிவுப் பெட்டிகளைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வெளியே "4கே", "8கே" என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். உள்ளே கூகுளின் அங்கீகாரம் இருக்காது. இந்த வகைப் பெட்டிகள் சிலவற்றில் தொழிற்சாலையிலிருந்தே தீங்கு மென்பொருள் ஏற்றப்பட்டு வந்திருக்கிறது. பேட்பொக்ஸ் என்ற பெயரில் அது 2023 இல் வெளிச்சத்துக்கு வந்தது, 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐயும் பொதுமக்களை எச்சரித்தது. அப்படியான பெட்டி உங்கள் இணைப்பைப் பிறருடைய திருட்டு வேலைக்கு வழியாக்கிவிடும். அதோடு, அங்கீகாரம் இல்லாத பெட்டியில் நெட்ஃபிளிக்ஸ் ஓடினாலும் மங்கலான தரத்தில்தான் ஓடும். காசு கொஞ்சம் கூடினாலும் தெரிந்த கம்பனியின் சாமானையே வாங்குங்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்தது என்றால் இரண்டு விஷயம் பாருங்கள். முதலாவது அடப்டர். அதன் முதுகில் உள்ள சின்ன எழுத்தில் 100 முதல் 240 வோல்ட் என்று இருந்தால் நமது 230 வோல்ட்டுக்குச் சரி, பிளக் மாற்றி மட்டும் போதும். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் அதைச் செருகவே வேண்டாம். அதே அளவு அம்பியர் தரும் நல்ல யூஎஸ்பி சார்ஜர் ஒன்றை இங்கே வாங்குங்கள். இரண்டாவது வைஃபை சனல். கனடா, அமெரிக்கச் சந்தைக்கென்று செய்தவை 2.4 கிகாஹேர்ட்ஸில் 1 முதல் 11 வரையான சனல்களையே பாவிக்கும். இங்குள்ள ரவுட்டர் தானாக 12 அல்லது 13 க்குப் போய்விட்டால், போனில் தெரியும் வைஃபை பிளேயரில் தெரியவே தெரியாது. சாமான் பழுது என்று முடிவு கட்டுவதற்கு முன், ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள முகவரிக்குப் போய், சனலை 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றாக நிறுத்துங்கள்.

டிவியில் பூட்டுதல்

எச்டிஎம்ஐ உள்ள டிவி என்றால் செருகி, ரிமோட்டில் சோர்ஸ் பட்டனை அழுத்தி அந்த இலக்கத்தைத் தெரிவு செய்தால் சரி. இரண்டு மூன்று துளை இருந்தால், ஏஆர்சி என்று எழுதியதை ஒலிபெருக்கிக்கு விட்டுவிட்டு மற்றதைப் பாவியுங்கள்.

பழைய பெட்டி டிவி இன்னும் நன்றாக ஓடும் வீடுகள் நிறைய இருக்கின்றன. அதற்கு எச்டிஎம்ஐயிலிருந்து ஏவிக்கு மாற்றும் சின்ன கன்வேர்ட்டர் வேண்டும். கடையில் கேட்கும்போது கவனம்: ஏவியிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் இன்னொன்றும் அதே உருவத்தில் இருக்கும், அது நமக்கு உதவாது. எச்டிஎம்ஐ பக்கம் இன்புட் என்று எழுதியிருக்க வேண்டும். மஞ்சள் வயர் படத்துக்கு, சிவப்பும் வெள்ளையும் சத்தத்துக்கு. கன்வேர்ட்டரின் ஓரத்தில் சின்ன சுவிட்ச் இருந்தால் பால் (PAL) என்று எழுதிய பக்கம் தள்ளுங்கள், இல்லாவிட்டால் படம் கறுப்பு வெள்ளையில் வரலாம். எழுத்துகள் கொஞ்சம் கலங்கலாகத்தான் தெரியும். படம் பார்க்க அது தடையாகாது.

கரண்ட்

பலர் பிளேயரின் வயரை டிவியின் யூஎஸ்பி துளையிலேயே செருகிவிடுகிறார்கள். சாதாரண யூஎஸ்பி 2.0 துளை தருவது 0.5 அம்பியர். ஸ்டிக்குகள் பல 1 அம்பியரும் அதற்கு மேலும் கேட்கும். அப்படிச் செருகினால் முதலில் எல்லாம் சரி போலத் தெரியும், படம் சூடுபிடிக்கும் நேரத்தில் தானாக அணைந்து மறுபடி தொடங்கும். இப்படி ஒரு நோய் இருந்தால் வேறெதையும் தேட முன் அதனோடு வந்த அடப்டரைச் சுவரில் செருகிப் பாருங்கள். பெரும்பாலும் அதோடு குணமாகிவிடும்.

ஐப்பசி, கார்த்திகையில் பின்னேரம் இடி முழக்கம் தொடங்கினால் பிளக்கைக் கழற்றுவது எல்லாருக்கும் தெரிந்த பழக்கம். டிஷ் அன்டெனாவின் வயரை மறந்துவிடுகிறோம். கூரையிலிருந்து வரும் அந்த வயர் வழியாக மின்னல் டிஷ் பெட்டிக்கு வந்து, அங்கிருந்து எச்டிஎம்ஐ வயர் வழியாக டிவிக்கும் அதில் பூட்டியிருக்கும் பிளேயருக்கும் பாயலாம். ஆகவே டிஷ் வயரையும் கழற்றுங்கள். ரவுட்டருக்குச் செம்பு டெலிபோன் லைன் வருகிறதென்றால் அதையும் கழற்றுங்கள். ஃபைபர் வயரால் அந்தப் பயம் இல்லை, ரவுட்டரின் கரண்ட் பிளக்கை எடுத்தால் போதும்.

கல்லடி, பாசிக்குடா, திருக்கோவில் போன்ற கடற்கரையோர வீடுகளில் உப்புக் காற்று துளைகளின் உலோகத்தை அரிக்கும். படம் விட்டு விட்டு வந்தால், எல்லாவற்றையும் அணைத்துவிட்டு எச்டிஎம்ஐயைச் சில தடவை கழற்றிப் பூட்டிப் பாருங்கள்.

வைஃபை

4ஜி ரவுட்டர் வைத்திருக்கும் வீடுகளில் அது சிக்னல் வரும் ஜன்னலோரத்தில் இருக்கும். டிவி ஹோலில் இருக்கும். நடுவில் இரண்டு கல் சுவர். அதற்கு மேல் ஸ்டிக் டிவியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது, டிவியின் உலோகத் தகடு சிக்னலை மறைக்கிறது. ஸ்டிக்கோடு ஒரு சின்ன எச்டிஎம்ஐ நீட்டு வயர் வந்திருந்தால் அதைப் பெட்டிக்குள் போட்டு வைக்காதீர்கள். அதைப் பூட்டி ஸ்டிக்கை டிவியின் ஓரத்துக்குக் கொண்டுவந்தாலே வித்தியாசம் தெரியும்.

5 கிகாஹேர்ட்ஸ் வைஃபை வேகமானது, ஆனால் சுவர் தாண்டினால் விரைவில் களைத்துவிடும். ரவுட்டரும் டிவியும் ஒரே அறையில், அல்லது திறந்த வாசல் வழியாக நேரே இருந்தால் அதைப் பாவியுங்கள். இல்லாவிட்டால் 2.4 கிகாஹேர்ட்ஸ்தான் நிலையாக நிற்கும். இரண்டுக்கும் ரவுட்டரில் வேறு வேறு பெயர் வைத்துவிடுங்கள், எதில் இணைந்திருக்கிறது என்று அப்போது தெளிவாகத் தெரியும்.

முதன்முறை இயக்கும்போது

திரையில் கேட்பதை ஒவ்வொன்றாகச் செய்துகொண்டு போனால் போதும், இதில் சிக்கல் குறைவு. சில விஷயங்களை மட்டும் கவனியுங்கள். முதல் அப்டேட் நூற்றுக்கணக்கான எம்பியை விழுங்கக்கூடும். உங்கள் பக்கேஜில் இரவு டேட்டா தனியாக இருந்தால் அந்த நேரத்தில் தொடங்குங்கள். நேர வலயத்தைக் கொழும்புக்கு மாற்றுங்கள், நேரம் பிழையாக இருந்தால் சில செயலிகள் இணையவே மறுக்கும். காசு கட்டி வாங்குவதற்கு ஒரு பின் இலக்கம் போட்டுவிடுங்கள், பிள்ளைகள் கையில் ரிமோட் போகும் வீட்டில் இது அவசியம்.

பிறகு டிவியின் செட்டிங்ஸில் சிஇசியைத் திறந்துவிடுங்கள். சாம்சங் அதை அனிநெட் பிளஸ் என்கிறது, எல்ஜி சிம்ப்லிங்க் என்கிறது, சோனி பிராவியா சிங்க் என்கிறது. இது இருந்தால் டிவியின் ரிமோட்டே பிளேயரையும் நடத்தும். டிவியை அணைத்தால் பிளேயரும் தூங்கும். டேட்டாவுக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

டேட்டா கசியும் இடங்கள்

நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் கணக்கின்படி எச்டி தரத்தில் மணிக்கு 3 ஜிபி வரை போகும், 4கே தரத்தில் 7 ஜிபி வரை. ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலம் எச்டியில் பார்த்தால் மாதம் 180 ஜிபி. அதே நெட்ஃபிளிக்ஸில் கணக்கு செட்டிங்ஸுக்குள் போய் டேட்டா அளவை நடுத்தரத்துக்கு மாற்றினால் மணிக்கு 0.7 ஜிபி வரைதான், மாதம் 42 ஜிபியில் முடியும். 32 அங்குல டிவியில் கதிரையில் சாய்ந்திருந்து பார்க்கும் தூரத்தில் அந்தத் தரம் எனக்குப் போதுமானதாகவே தெரிகிறது. யூடியூபிலும் ஓடும் வீடியோவின் தரத்தை 480க்கோ 720க்கோ இறக்கலாம்.

மிகப் பெரிய கசிவு இன்னொன்று. சிஇசி இல்லாத டிவியை ரிமோட்டில் அணைக்கும்போது அணைவது திரை மட்டும்தான். சுவரில் தனியாகக் கரண்ட் வாங்கும் பிளேயர் விடிய விடிய அடுத்தடுத்த வீடியோவை இறக்கிக்கொண்டே இருக்கும். யூடியூபில் தானாக அடுத்தது ஓடுவதை நிறுத்திவையுங்கள். படுக்கப் போகும்போது முதலில் பிளேயரின் ஹோம் பட்டனை அழுத்துங்கள், அதன் பிறகு டிவியை அணையுங்கள். "ஒருத்தரும் பார்க்கவில்லை, டேட்டா எங்கே போனது?" என்று கேட்கும் வீடுகளில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

வீட்டில் உள்ள வீடியோக்களை டேட்டா இல்லாமல் பார்ப்பது

வின்டோஸ் லப்டொப் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிளேயர் அண்ட்ரொயிட் டிவி வகை.

1. லப்டொப்பும் பிளேயரும் ஒரே ரவுட்டரின் வைஃபையில் இருக்கட்டும். லப்டொப்பின் வைஃபை செட்டிங்ஸில் அந்த நெட்வேர்க்கைப் பிரைவேட் என்று மாற்றுங்கள். பப்ளிக் என்று இருந்தால் லப்டொப் தன்னை ஒளித்துக்கொள்ளும்.

2. டி டிரைவில் ஒரு ஃபோல்டர் திறந்து வீடியோக்களை அதற்குள் போடுங்கள். முழு டிரைவையும் பகிர வேண்டாம், இந்த ஒரு ஃபோல்டர் போதும்.

3. லப்டொப்பில் இதற்கென்றே ஒரு லோக்கல் பயனர் கணக்கு உருவாக்கி எளிய ஆங்கிலப் பெயரும் பாஸ்வேர்டும் கொடுங்கள். இந்தப் படியைத் தவிர்க்காதீர்கள். லப்டொப்பைத் திறக்க நீங்கள் அடிக்கும் நான்கு இலக்கப் பின் நெட்வேர்க்கில் செல்லாது, பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

4. ஃபோல்டரின் மேல் ரைட் கிளிக் செய்து புரொப்பர்டீஸ், ஷெயாரிங், ஷெயார் என்று போய், அந்தப் புதுப் பயனரைச் சேர்த்து, ரீட் அனுமதி மட்டும் கொடுங்கள். டிவி பக்கமிருந்து யாரும் தவறுதலாக எதையும் அழித்துவிட முடியாது.

5. பிளேயரில் விஎல்சி செயலியைப் போடுங்கள், இலவசம். அதைத் திறந்து லோக்கல் நெட்வேர்க் என்ற பகுதியைப் பாருங்கள். லப்டொப்பின் பெயர் தெரியும். அழுத்தி, பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்துச் சேமியுங்கள்.

பெயர் தெரியாவிட்டால் மனம் தளர வேண்டாம். லப்டொப்பில் கொமாண்ட் புரொம்ட் திறந்து "ஐபிகொன்ஃபிக்" (ipconfig) என்பதை ஆங்கில எழுத்தில் அடித்தால் 192.168 என்று தொடங்கும் இலக்கம் ஒன்று வரும். விஎல்சியில் புது சேர்வர் சேர்க்கும் இடத்தில் எஸ்எம்பி (SMB, வின்டோஸ் ஃபோல்டரைப் பகிரும் முறை) வகையைத் தெரிவு செய்து அந்த இலக்கத்தைக் கொடுத்தால் நேரே திறக்கும். படம் நடுவில் நின்றால் லப்டொப் தூங்கிவிட்டதா என்று பாருங்கள். சார்ஜரில் இருக்கும்போது தூங்கக்கூடாது என்று பவர் செட்டிங்ஸில் மாற்றிவிடலாம்.

இப்போது ரவுட்டரின் சிம்மைக் கழற்றிவிட்டுப் பார்த்தாலும் படம் ஓடும். இணையம் இல்லை என்று பிளேயர் ஒரு எச்சரிக்கை காட்டும், அதைப் பொருட்படுத்தத் தேவையில்லை.

லப்டொப் இல்லாத வீட்டில் ரவுட்டரின் பின்னால் யூஎஸ்பி துளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒரு பென்டிரைவைச் செருகி, ரவுட்டர் செட்டிங்ஸில் பகிர்வைத் திறந்துவிட்டால் அதுவும் விஎல்சியில் இதே மாதிரித் தெரியும். பிளேயரிலேயே யூஎஸ்பி துளை இருந்தால் இன்னும் எளிது. ஆனால் பென்டிரைவ் ஃபட்32 வடிவில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு ஃபைலும் ஏறாது. எக்ஸ்ஃபட் அல்லது என்டிஎஃப்எஸ் வடிவைப் பிளேயர் வாசிக்கிறதா என்று முதலில் சின்ன ஃபைல் ஒன்றைப் போட்டுச் சோதித்துக்கொள்ளுங்கள்.

கூத்தும் கல்யாண வீடியோவும்

இந்த வசதி நம் ஊருக்கு எங்கே உண்மையாக உதவும் என்று கேட்டால் நான் கூத்தைத்தான் சொல்வேன். வடமோடியோ தென்மோடியோ, ஓர் அரங்கேற்றம் விடிய விடிய நடக்கும். வட்டக்களரியைச் சுற்றி நிற்பவர்கள் எல்லார் கையிலும் போன். ஒருவரிடம் வரவு (பாத்திரம் களரிக்குள் ஆடி வருவது) இருக்கும், இன்னொருவரிடம் கடைசிச் சண்டை இருக்கும். முழுக் கூத்தும் ஒரு இடத்தில் இருக்காது. சில மாதத்தில் போன் நிரம்பி, அழிந்தும் போகும்.

அரங்கேற்றம் முடிந்த அந்த வாரத்திலேயே எல்லாருடைய வீடியோக்களையும் ஒரு லப்டொப்பில் சேருங்கள். வட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பச் சொல்ல வேண்டாம், அது தரத்தைக் குறைத்துவிடும். வயர் போட்டு நேரே கொப்பி செய்யுங்கள். நடந்த ஒழுங்கில் 01, 02, 03 என்று பெயரின் முன்னால் இலக்கம் போடுங்கள். பத்துக்குக் கீழ் உள்ளவற்றுக்கு முன்னால் பூச்சியம் கட்டாயம், இல்லாவிட்டால் சில பிளேயர்களில் 1க்கு அடுத்து 10 ஓடும். பிறகு கூத்தைப் பழக்கிய அண்ணாவியாரை வீட்டுக்குக் கூப்பிட்டு டிவியில் போட்டுக் காட்டுங்கள். எந்தத் தருவில் (கூத்துப் பாட்டில்) எந்த ஆட்டக்காரரின் கால் பிந்தியது என்று அவர் அங்கேயே நிறுத்தச் சொல்லிக் காட்டுவார். சின்னப் போன் திரையில் அந்தக் கால் தெரியாது. அடுத்த கூத்துக்குப் பழகும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது கடினம். கண்ணகி அம்மன் குளிர்த்தி, மாமாங்கேஸ்வரர் தீர்த்தம் போன்ற பதிவுகளையும் இப்படியே சேர்க்கலாம்.

பதிவு செய்யும்போதே போனைக் குறுக்காகப் பிடியுங்கள், நெடுக்காக எடுத்தது டிவியில் நடுவில் ஒரு கீற்றாகத்தான் வரும். புதுப் போன்கள் இடம் மிச்சம் பிடிக்க எச்265 முறையில் பதியும், பழைய பிளேயர்கள் அதில் திணறும். கமரா செட்டிங்ஸில் எச்264 ஐத் தெரிவு செய்தால் பெரும்பாலும் எல்லாவற்றிலும் ஓடும்.

கல்யாண வீடியோ டிவிடிகளை இன்றே லப்டொப்புக்கு ஏற்றிவிடுங்கள். நம் ஊர் ஈரத்தில் அவை பூஞ்சணம் பிடித்துப் போகின்றன. டிவிடிக்குள் இருக்கும் விஓபி ஃபைல்களை அப்படியே கொப்பி செய்தாலும் விஎல்சி ஓட்டும். ஒரு பிரதி லப்டொப்பில், மற்றொன்று வேறு வீட்டில் உள்ள ஹார்ட் டிஸ்கில் இருக்கட்டும்.

தமிழ்ச் சப்டைட்டில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால், நோட்பேடில் அந்த எஸ்ஆர்டி ஃபைலைத் திறந்து யூடிஎஃப்-8 முறையில் மறுபடி சேமியுங்கள். வீடியோவின் பெயரும் அதன் பெயரும் ஒன்றாக இருந்தால் தானாக ஏறும்.

சத்தமில்லை, சுற்றிக்கொண்டே நிற்கிறது

படம் வருகிறது, சத்தம் வரவில்லை என்றால் பிளேயரின் ஒலி செட்டிங்ஸில் டொல்பியை நிறுத்திப் பிசிஎம் அல்லது ஸ்டீரியோவுக்கு மாற்றுங்கள். பல பழைய டிவிகளுக்கு டொல்பி புரியாது. திரையின் ஓரம் வெட்டுப்பட்டால் டிவியின் படஅளவு மெனுவில் ஜஸ்ட் ஸ்கேன், ஸ்கிரீன் ஃபிட் என்பது போன்ற தெரிவைத் தேடுங்கள்.

வட்டம் சுற்றிக்கொண்டே நின்றால் குற்றவாளியைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. லப்டொப்பில் உள்ள ஒரு வீடியோவை நெட்வேர்க் வழியாக ஓட்டுங்கள். அது நிற்காமல் ஓடினால் உங்கள் வைஃபை நன்றாக இருக்கிறது, வெளியே இருந்து வரும் லைன்தான் மெதுவாக இருக்கிறது. இரவு ஏழு மணிக்குப் பிறகு எல்லாரும் ஒரே டவரில் தொங்கும்போது 4ஜியில் இது சகஜம். லப்டொப் வீடியோவும் நிற்கிறதென்றால் சிக்கல் வீட்டுக்குள்தான். ரவுட்டரை நகர்த்துங்கள், ஸ்டிக்கை வெளியே எடுங்கள்.

அம்மம்மாமாருக்கு ரிமோட்டில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடச் சொல்வது வதை. உங்கள் போனில் யூடியூப் திறந்து, தமிழிலேயே தேடி, மேலே உள்ள காஸ்ட் அடையாளத்தை அழுத்தினால் டிவியில் ஓடும். அவர் தானாகவே திறக்க வேண்டுமென்றால் முகப்பில் விஎல்சியை முதலாவதாக நகர்த்தி, ஹோம் பட்டனையும் நடு பட்டனையும் மட்டும் பழக்கிக் கொடுங்கள்.

வேறொருவருக்குக் கொடுக்கும்போது

தங்கச்சி வீட்டுக்கோ கடைக்கோ பிளேயரைக் கொடுப்பதென்றால் செட்டிங்ஸில் ஃபெக்டரி ரீசெட் செய்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். அதற்குள் உங்கள் கூகுள் கணக்கும் வைஃபை பாஸ்வேர்டும் லப்டொப்பின் பாஸ்வேர்டும் இருக்கின்றன. ரீசெட் ஆனதும் போனில் கூகுள் கணக்கைத் திறந்து, சாதனங்கள் பட்டியலில் பழைய பிளேயரின் பெயர் இன்னும் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் அங்கிருந்தும் வெளியேற்றுங்கள். அடப்டரையும் நீட்டு வயரையும் அதோடு சேர்த்தே கொடுங்கள்.